மடக்குக் கத்தி: திறக்கும் வேகமா, பிடிக்கும் பூட்டா?

கரிசல் காட்டு விவசாயியிடம் மண்வெட்டி இல்லாத நேரம் உண்டு. அரிவாள் இல்லாத நேரமும் உண்டு. ஆனால் இடுப்பு மடியிலோ பெல்ட்டுப் பையிலோ ஒரு மடக்குக் கத்தி இல்லாத நேரம் மிகக் குறைவு. உர மூட்டையின் தையலைப் பிரிக்கவும், விதைப் பையைத் திறக்கவும், சொட்டு நீர்க் குழாயை நறுக்கவும், கயிற்றை அறுக்கவும், பசித்த நேரத்தில் ஒரு வெள்ளரிக்காயை அரிந்து தின்னவும் அந்தச் சிறு கத்தியே கைகொடுக்கிறது.

முன்பெல்லாம் இந்தக் கத்தியை நகத்தால் நெம்பி, இரு கைகளாலும் திறக்க வேண்டியிருந்தது. இப்பொழுது கடைகளில் வேறு வகைக் கத்திகளும் வந்துவிட்டன. கட்டைவிரலால் தள்ளினால் திறப்பவை, ஆள்காட்டி விரலால் தட்டினால் திறப்பவை, பொத்தானை அமுக்கினால் ‘டக்’ என்று பாய்ந்து திறப்பவை எனப் பல வகை உண்டு. பார்க்க அழகாக இருக்கின்றன. கையாளவும் எளிதாகத் தோன்றுகின்றன. இளைஞர்கள் விரும்பி வாங்குகிறார்கள்.

இவ்வாறு வேகமாகத் திறப்பதால் விவசாயிக்கு லாபம் என்ன, நஷ்டம் என்ன? ஆண்டில் சில மாதம் காட்டிலும் சில மாதம் பட்டாசு ஆலையிலும் வேலை பார்க்கும் சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்துக் குடும்பங்கள் இந்தக் கேள்வியை மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே எண்ணிப் பார்க்க வேண்டும்.

திறக்கும் முறைகள்

மடக்குக் கத்திகளைத் திறக்கும் முறையை வைத்து ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, நகக் கீறல் உள்ள பழைய பேனாக்கத்தி. அலகின் பக்கத்தில் உள்ள சிறு பள்ளத்தில் நகத்தை வைத்து இழுக்க வேண்டும். பிடியின் முதுகில் உள்ள தட்டையான ஸ்பிரிங் அலகைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் அழுத்திப் பிடிக்கிறது. அமைப்பு எளிது; பழுது குறைவு. ஆனால் திறக்க இரண்டு கைகளும் வேண்டும்.

இரண்டாவது, அலகில் ஒரு குமிழோ துளையோ உள்ள கத்தி. பிடியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கட்டைவிரலாலேயே அலகைத் தள்ளித் திறக்கலாம். அமெரிக்காவின் ஸ்பைடர்கோ கம்பெனி 1981-இல் அலகில் வட்டத் துளையிட்ட கத்தியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு இந்த முறை உலகெங்கும் பரவியது. இதில் அலகைத் தள்ளும் ஸ்பிரிங் எதுவும் இல்லை. விரல் தள்ளும் அளவுக்குத்தான் அலகு நகரும்.

மூன்றாவது, அலகின் அடிப்பகுதியில் சிறு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும் கத்தி. ஆள்காட்டி விரலால் அந்தக் கொம்பைத் தட்டினால் அலகு சுழன்று திறக்கும். திறந்த பிறகு அந்தக் கொம்பே விரல் அலகின்மேல் வழுக்காமல் தடுக்கும் அணையாகவும் அமைகிறது.

நான்காவது, பாதி ஸ்பிரிங் கத்தி. விரலால் சிறிது தள்ளியதும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் மீதி வேலையைச் செய்து அலகை வேகமாகத் திறந்துவிடும்.

ஐந்தாவது, பொத்தான் கத்தி. அலகைத் தொடவே வேண்டாம். பொத்தானை அமுக்கினால் ஸ்பிரிங்கின் விசையால் அலகு முழுவதும் பாய்ந்து வெளியே வரும். சினிமாவில் வில்லன்கள் காட்டுவது இதைத்தான். உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர் ஊர் இத்தகைய கத்திகளுக்குப் பெயர் பெற்றது.

நன்மை எங்கே?

ஒரு கையால் திறக்கும் கத்தியால் பயன் இல்லை என்று சொல்வது சரியாகாது. காட்டு வேலையில் ஒரு கை வேறொன்றைப் பிடித்திருக்கும் நேரங்கள் பல உண்டு.

மேய்ச்சலில் கட்டியிருந்த வெள்ளாடு சீமைக் கருவேல மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, கயிறு கழுத்தை இறுக்கிக்கொண்டு துடிக்கும். ஒரு கையால் ஆட்டைத் தூக்கிப் பிடித்தால்தான் அதற்கு மூச்சு வரும். மறு கையால் கயிற்றை அறுக்க வேண்டும். இந்த இடத்தில் இரு கையால் திறக்கும் கத்தி உதவாது. ராஜபாளையம் பக்கத்துத் தோப்பில் ஏணியில் நின்று சப்பட்டை மாங்காய் பறிப்பவருக்கும் அப்படித்தான். ஒரு கை கிளையைப் பிடித்திருக்கும். காம்பைச் சற்று நீளமாக விட்டு அறுத்தால்தான் பால் வடிந்து காயில் கறை படியாமல் இருக்கும். அதற்கு மறு கையில் கத்தி வேண்டும்.

இன்னொரு நன்மையும் உண்டு. திறக்கச் சிரமமான கத்தியைப் பலரும் மூடுவதே இல்லை. திறந்தபடியே வரப்பில் குத்தி வைப்பார்கள். காதோரமோ பல்லிடுக்கிலோ வைத்துக்கொண்டு குனிந்து வேலை பார்ப்பார்கள். அல்லது ஒரு கை வேலையாக இருக்கும்போது பல்லால் கடித்து அலகை இழுப்பார்கள். இவை எல்லாமே ஆபத்தான பழக்கங்கள். எளிதில் திறந்து மூடக்கூடிய கத்தியாக இருந்தால், வேலை முடிந்ததும் மூடி வைக்கும் பழக்கம் வரும். வயதானவர்களுக்கும், விரல் மூட்டில் வலி உள்ளவர்களுக்கும், வேலை செய்து நகம் தேய்ந்தவர்களுக்கும் நகக் கீறலை விடக் கட்டைவிரல் குமிழோ துளையோ வசதியானது.

ஆனால் இந்த நன்மைகள் அனைத்தையும் இரண்டாவது வகைக் கத்தியே தந்துவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டைவிரலால் திறப்பதற்கும் பொத்தானால் திறப்பதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு வினாடிகூட இராது. அந்த ஒரு வினாடிக்காகக் கொடுக்கும் விலை என்ன என்பதே கேள்வி.

மடியில் இருக்கும் கத்தி

மேல்நாட்டவர் கத்தியைக் கால்சட்டையின் தடித்த பையில் கொக்கி மாட்டி வைப்பார்கள். நம் விவசாயிகளில் பலர் வேட்டி மடியில் சுற்றி வைக்கிறார்கள். பெண்கள் சேலை முந்தானையிலோ சுருக்குப் பையிலோ முடிந்து வைக்கிறார்கள். கத்தி இருக்கும் இடம் அடிவயிறும் தொடை இடுக்கும்தான்.

களை எடுக்கவும், வெங்காயம் பிடுங்கவும், நாற்று நடவும் நாள் முழுவதும் குனிந்து நிமிர வேண்டியிருக்கிறது. குனியும் ஒவ்வொரு முறையும் மடியில் உள்ள பொருள் அமுங்குகிறது. பொத்தான் கத்தியின் பொத்தானுக்கு விரல் அமுக்கியதா, தொடை அமுக்கியதா என்று தெரியாது. அலகு பாதி திறந்தாலும் போதும். மெல்லிய வேட்டித் துணி அதைத் தடுக்காது. தொடை இடுக்கில் பெரிய இரத்தக் குழாய் ஓடுகிறது. அங்கே ஆழமாக வெட்டுப்பட்டால் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம்.

தரமான பொத்தான் கத்திகளில் பொத்தான் தானாக அமுங்காமல் இருக்க ஒரு தாழ் வைத்திருப்பார்கள். மலிவான கத்திகளில் அந்தத் தாழ் இராது; இருந்தாலும் சில நாளில் தேய்ந்து தளர்ந்துவிடும். பாதி ஸ்பிரிங் கத்தியிலும் இதே குறை உண்டு. அதன் குமிழ் துணியில் மாட்டி அலகு சிறிது நகர்ந்தால், மீதியை ஸ்பிரிங் முடித்துவிடும். கொம்பு வைத்த கத்தியில் மூடிய நிலையிலும் கொம்பு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் துணியைக் கிழிக்கும், கயிற்றில் மாட்டும்.

ஸ்பிரிங் இல்லாத, கட்டைவிரலால் திறக்கும் கத்தியும் மூடிய நிலையில் இறுக்கமாக இருந்தால்தான் பாதுகாப்பு. உதறினால் திறக்கும் அளவுக்குத் தளர்ந்த கத்தி எந்த வகையாக இருந்தாலும் மடியில் வைக்கத் தகுந்ததல்ல.

கரிசல் மண்ணும் ஸ்பிரிங்கும்

கரிசல் மண் மழைக்காலத்தில் பசைபோல ஒட்டும். கோடையில் மாவுபோலப் பறக்கும். மடக்குக் கத்தியின் பிடிக்குள் இந்த மண் புகாமல் இராது. அதோடு செடியின் பால், மாங்காய்ப் பால், யூரியாத் தூள், வியர்வை எல்லாம் சேருகின்றன. உரமும் வியர்வை உப்பும் இரும்பை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும்.

பழைய பேனாக்கத்தியில் மண் சேர்ந்தால் தண்ணீரில் அலசி, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். பொத்தான் கத்தியின் உள்ளே சுருள் ஸ்பிரிங்கும் சிறு கம்பிகளும் மூடிய அறைக்குள் இருக்கின்றன. அங்கே மண் சேர்ந்தால் எளிதில் எடுக்க முடியாது. ஒரு நாள் பொத்தானை அமுக்கினால் அலகு முக்கால் அளவு திறந்து நின்றுவிடும். வெளியில் பார்க்க முழுவதும் திறந்ததுபோல் இருக்கும். ஆனால் பூட்டு விழுந்திராது. அந்த நிலையில் அழுத்தி அறுத்தால் அலகு மடங்கி விரல்மேல் விழும். வேகமாகத் திறக்கும் கத்தியால் ஏற்படும் காயங்களில் இதுவும் ஒன்று என்பதைப் பலர் நினைப்பதில்லை.

பூட்டே முக்கியம்

கத்தி எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்பதைவிட, திறந்த பிறகு அலகு மடங்காமல் நிற்கிறதா என்பதே விவசாயிக்கு முக்கியம். ஏனெனில் மடக்குக் கத்தியால் ஏற்படும் மோசமான காயம், அறுக்கும்போது அலகு திடீரென்று மடங்கி, பிடியைச் சுற்றியுள்ள நான்கு விரல்களின்மேல் விழுவதால் வருவதாகும். விரலை மடக்கும் நரம்பு அறுந்துபோனால், தையல் போட்டாலும் கை பழையபடி மாடு பிடிக்கவும் மண்வெட்டி பிடிக்கவும் உதவுவது கடினம்.

பிரான்சு நாட்டு சவாய் மலைப்பகுதியில் 1890-இல் ஜோசப் ஒப்பினெல் என்ற இளைஞர் மரப்பிடி போட்ட எளிய மடக்குக் கத்தி ஒன்றைச் செய்தார். அந்தப் பகுதி விவசாயிகளும் ஆடு மேய்ப்பவர்களும் அதை விரும்பி வாங்கினார்கள். இன்றும் அந்தக் கத்தி விற்பனையில் இருக்கிறது. அதைத் திறக்க இன்றும் இரு கைகள் வேண்டும். நூற்றாண்டுக்கு மேலாக அதில் திறக்கும் வேகத்தைக் கூட்ட யாரும் முயலவில்லை. ஆனால் 1955-இல் ஒரு முக்கியமான மாற்றம் செய்தார்கள். அலகின் கழுத்தில் ஓர் உலோக வளையம் பொருத்தினார்கள். கத்தியைத் திறந்த பின் வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்காது. 2000-ஆம் ஆண்டில், மூடிய நிலையிலும் அலகு திறக்காதபடி அந்த வளையத்தைத் திருத்தி அமைத்தார்கள். விவசாயிகளுக்கென்றே வளர்ந்த ஒரு கத்தி பூட்டைத்தான் தேடிப் போனது, வேகத்தை அல்ல.

பூட்டுகளிலும் வகை உண்டு. முதுகுப் பூட்டு உள்ள கத்தியில், பிடியின் முதுகுப் பக்கம் உள்ள கட்டையை அமுக்கினால் அலகு மடங்கும். இது உறுதியானது. மூடும்போது கை அலகின் பாதையில் இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். தகட்டுப் பூட்டு உள்ள கத்தியில், பிடியின் உள்ளே ஒரு தகடு பக்கவாட்டில் வளைந்து அலகைத் தாங்கும். ஒரு கையால் மூட வசதியாக இருக்கும். ஆனால் மூடும்போது கட்டைவிரல் அலகு வரும் பாதையிலேயே இருக்கும். விரலை எடுத்துவிட்டு மூடும் பழக்கம் வரும்வரை கவனம் தேவை. பழைய பேனாக்கத்திக்குப் பூட்டு இல்லை. இழுத்து அறுக்க அது போதும். குத்தித் துளையிடவோ நெம்பவோ அதைப் பயன்படுத்தக் கூடாது.

ஒட்டுக் கட்ட வேறு கத்தி

மா, சப்போட்டா போன்றவற்றில் ஒட்டுக் கட்டுபவர்கள் மடியில் உள்ள கத்தியையே அதற்கும் எடுக்கக் கூடாது. ஒட்டுக் கத்தியின் அலகு பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும். அப்பொழுதுதான் ஒரே இழுப்பில் வெட்டு சமமாக விழும். ஒட்டுக் குச்சியும் வேர்ச்செடியும் இடைவெளி இல்லாமல் பொருந்தும். உட்கார்ந்து நிதானமாகச் செய்யும் இந்த வேலையில் விரைவாகத் திறப்பதால் ஒரு லாபமும் இல்லை. அலகு ஆடாமல் இருப்பதே வேண்டும்.

நோய் கண்ட செடியை வெட்டிய கத்தியால் நல்ல செடியை வெட்டினால் நோயும் உடன் போகும். எலுமிச்சைச் சொறி நோய் இவ்வாறு பரவக்கூடியது. ஆகையால் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போகும்போது அலகை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்வது நல்லது. இடுக்கும் ஸ்பிரிங்கும் நிறைந்த கத்தியைச் சுத்தம் செய்வது கடினம் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். கன்றின் தொப்புள் கொடியை அறுக்க மடியில் உள்ள கத்தி உதவாது. புதிய பிளேடைப் பயன்படுத்தி, அயோடின் டிஞ்சர் தடவ வேண்டும். பூச்சிமருந்துப் பொட்டலத்தைக் கிழித்த கத்தியால் வெள்ளரிக்காய் அரியவும் கூடாது.

பட்டாசு ஆலை வாசலோடு நிறுத்தவும்

மானாவாரி நிலத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாத விவசாயிகள் பலர் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். காலையில் காட்டில் தண்ணீர் பாய்ச்சிவிட்டு நேராக ஆலைப் பேருந்தில் ஏறுபவர்களும் உண்டு. காட்டுக்கு எடுத்துச் சென்ற கத்தி மடியிலேயே இருப்பது அவர்களுக்கே நினைவிராது.

இரும்பைக் கல்லிலோ மணலிலோ உரசினால், நுண்ணிய இரும்புத் துகள் சூடேறிப் பொறியாக எரிகிறது. சாணைக் கல்லில் அரிவாள் தீட்டும்போது தெறிக்கும் பொறி இதுதான். காட்டில் அந்தப் பொறி தானாக அணைந்துவிடும். கந்தகமும் வெடியுப்பும் அலுமினியத் தூளும் கலந்த மருந்து உள்ள அறையில் அப்படி அணையாது. அதனால்தான் மருந்து அறைகளில் இரும்புக் கருவிகளை விலக்கி, பித்தளை, செம்பு, மரம் ஆகியவற்றால் ஆன கருவிகளைக் கையாளுகிறார்கள். இரும்பு ஆணி அடித்த செருப்பைக்கூட அனுமதிப்பதில்லை. வெடிபொருள் சட்டம் 1884-ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ளது. 2008-ஆம் ஆண்டு விதிகள் இப்பொழுது அமலில் உள்ளன.

பொத்தான் கத்தி இங்கே இரட்டை ஆபத்தானது. அதன் அலகு திறக்கும்போது எஃகு எஃகின்மேல் விசையுடன் மோதுகிறது. குனிந்து வேலை செய்யும்போது மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தாலும் அதே நிலைதான். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை இந்த வட்டாரம் மறக்கவில்லை. அந்த விபத்துக்கும் கத்திக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் மருந்து இருக்கும் இடத்தில் ஒரு சிறு பொறிக்கு, ஓர் உரசலுக்கு, அருகில் இருக்கும் அத்தனை பேரும் விலை கொடுக்க நேரிடும் என்பதை அது நினைவூட்டுகிறது.

பித்தளைக் கத்தி என்றால் பயமில்லை என்று நினைப்பதும் தவறு. பொறி வராவிட்டாலும் உரசலால் வரும் சூடும் அடியும் சில மருந்துக் கலவைகளைப் பற்றவைத்துவிடும். ஆலை கொடுக்கும் கருவியை, ஆலை சொல்லும் முறையில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். வீட்டிலிருந்து எந்தக் கத்தியையும் கொண்டு போகக் கூடாது.

இதற்கு ஓர் எளிய வழி உண்டு. காட்டுக் கத்திக்கு வீட்டில் ஓர் ஆணியோ மாடமோ ஒதுக்கிவிட வேண்டும். ஆலைக்குப் புறப்படும் முன் கத்தி அங்கே இருக்கிறதா என்று வீட்டில் உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளலாம். மறந்து எடுத்து வந்துவிட்டால், வாயிலில் சோதிப்பவரிடம் தாமாகவே கொடுத்துவிட வேண்டும். கூச்சப்பட்டு ஒளித்து வைப்பதே பெரிய தவறு. ஆலைக்குள் போய் வந்த கத்தியின் இடுக்கில் மருந்துத் தூள் தங்கியிருக்கவும் கூடும். அதைத் தீட்டுவதோ, அதனால் காய் நறுக்குவதோ ஆபத்து.

சட்டம் என்ன சொல்கிறது?

கத்திகள் பற்றி 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் அதன்கீழ் 2016-இல் வந்த விதிகளும் பேசுகின்றன. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டு உபயோகம், விவசாயம், விஞ்ஞானம், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்யப்பட்டவை அதில் சேரா. ஆகையால் காட்டு வேலைக்கான சிறு மடக்குக் கத்தியைப் பற்றி விவசாயி அஞ்ச வேண்டியதில்லை.

பொத்தான் கத்தியின் நிலை வேறு. டெல்லியில் 1980-இல் வந்த அறிவிக்கை, ஸ்பிரிங்காலோ பொத்தானாலோ வேறு இயந்திர அமைப்பாலோ திறக்கும் கத்திகளில், அலகு 7.62 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் அகலமும் உள்ளவற்றைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 7.62 சென்டிமீட்டர் என்பது 3 அங்குலம்தான். சரக்கு லாரியோடு வடக்கே போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் 1958-இலும் இங்கிலாந்தில் 1959-இலும் பொத்தான் கத்திகளைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டங்கள் வந்தன. விரைவாகத் திறப்பதைச் சண்டைக்கான வசதியாகவே பல நாடுகளின் அரசுகளும் பார்த்திருக்கின்றன.

நம் ஊரிலும் சோதனையின்போது மடியிலிருந்து பொத்தான் கத்தி வெளிவந்தால், அது வெங்காயத் தாள் அறுக்க வைத்திருப்பது என்று நம்பவைக்கச் சிரமப்பட வேண்டும். நகக் கீறல் உள்ள கத்திக்கு அந்தச் சிரமம் குறைவு. நீதிமன்றம், கலெக்டர் அலுவலகம், திருவிழாக் கூட்டம், வெளியூர்ப் பயணம் ஆகியவற்றுக்குப் போகும்போது எந்தக் கத்தியையும் வீட்டிலேயே வைத்துவிடுவது உத்தமம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. அலகு 3 அங்குலத்துக்குள் இருந்தால் பெரும்பாலான காட்டு வேலைகளுக்குப் போதும்.

2. மூடிய கத்தியைத் தலைகீழாகப் பிடித்து வேகமாக உதறிப் பார்க்க வேண்டும். அலகு சிறிதளவு வெளிவந்தாலும் அந்தக் கத்தி வேண்டாம்.

3. திறந்த அலகை நுனியில் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் அச்சு ஆணி சரியில்லை என்று பொருள்.

4. பூட்டு விழுந்த பின், அலகின் முதுகை ஒரு கட்டைமேல் மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையின்போது விரல்கள் அலகு மடங்கும் பாதையில் இருக்கக் கூடாது. பூட்டு நழுவினால் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

5. பிடியின் உட்புறம் ஒரு பக்கமாவது திறந்திருந்து, உள்ளே வெளிச்சம் தெரிந்தால் மண்ணைக் கழுவுவது எளிது.

6. இடது கைப் பழக்கம் உள்ளவர்கள், குமிழ் இரு பக்கமும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். துளை உள்ள கத்தி இரு கைக்கும் பொருந்தும்.

7. பிடியின் நிறம் சிவப்பு, மஞ்சள்போல் பளிச்சென்று இருந்தால் புல்லிலும் மண்ணிலும் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

பராமரிப்பு

வாரம் ஒரு முறை கத்தியைத் திறந்து, சோப்புத் தண்ணீரில் பழைய பல் துலக்கும் பிரஷ் கொண்டு தேய்த்து, வெயிலில் உலர்த்த வேண்டும். அச்சில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடலாம். சமையல் எண்ணெய் நாளாவட்டத்தில் பிசினாகி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அதைத் தவிர்ப்பது நல்லது. சாணைக் கல்லைத் தண்ணீரில் நனைத்து, அலகின் இரு பக்கமும் ஒரே சாய்வில் நிதானமாகத் தீட்ட வேண்டும். மழுங்கிய கத்திக்கு அதிக பலம் கொடுத்து அழுத்த வேண்டியிருக்கிறது. அப்பொழுதுதான் கை நழுவுகிறது. கூரான கத்தியே பாதுகாப்பான கத்தி.

மடக்குக் கத்தியைத் திருப்புளியாகவோ கடப்பாரையாகவோ பயன்படுத்தக் கூடாது. மின்சாரம் உள்ள ஒயரைச் சீவவும் கூடாது. மூட்டையை அறுக்கும்போது அலகு உடலை நோக்கி வராமல், வெளிப்பக்கமாகப் போகும்படி அறுக்க வேண்டும். விதைப் பையின் அடிப்பக்கத்தை அறுத்துத் திறந்து, சீட்டு உள்ள பக்கத்தைக் கிழிக்காமல் ரசீதோடு பத்திரப்படுத்த வேண்டும். விதை முளைக்காமல் போனால் முறையிட அதுவே ஆதாரம்.

கை வெட்டுப்பட்டால்

முதலில் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடமாவது விடாமல் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைக்க வேண்டும். சிறு காயமாக இருந்தால் இரத்தம் நின்ற பின் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவலாம். மண், காப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதையும் காயத்தில் வைக்கக் கூடாது. மண்ணிலும் சாணத்திலும் இசிவு நோய் எனப்படும் டெட்டனஸ் கிருமி இருப்பதால், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காயத்தைக் காட்டித் தடுப்பூசி தேவையா என்று கேட்க வேண்டும். விரலை மடக்க முடியாவிட்டாலோ, நுனி மரத்துப் போனாலோ, நரம்பு அறுந்திருக்கக் கூடும். தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். விரல் துண்டாகிவிட்டால், அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியின்மேல் வைத்துக் கொண்டு போக வேண்டும். பனிக்கட்டி நேராக விரலில் படக் கூடாது.

எது நல்லது?

ஒரு கையால் திறப்பது உண்மையிலேயே பயன் தரும் வசதி. ஆடு மேய்ப்பவருக்கும் மரத்தில் நின்று காய் பறிப்பவருக்கும் அது தேவை. அவர்கள் ஸ்பிரிங் இல்லாத, கட்டைவிரலால் திறக்கும், முதுகுப் பூட்டு உள்ள கத்தியைத் தேர்ந்தெடுக்கலாம். மற்றவர்களுக்கு, பூட்டுள்ள கத்தி இருந்தால் நகத்தால் திறப்பதே போதும். பாதி ஸ்பிரிங் கத்தியை மடியில் வைப்பவர்கள் தவிர்ப்பது நலம். பொத்தான் கத்தியால் விவசாய வேலையில் கிடைப்பது ஒரு வினாடி லாபம் மட்டுமே. அதற்கு எதிராக மடியில் காயம், மண் சேர்ந்தால் கோளாறு, சோதனையில் வம்பு, ஆலையில் ஆபத்து என நான்கு நஷ்டங்கள் நிற்கின்றன.

விவசாயிக்குக் கத்தி ஒரு நாளில் பலமுறை தேவைப்படும். ஆனால் பத்து விரல்களும் ஆயுள் முழுவதும் தேவைப்படும். வேகத்தைப் பார்த்து வாங்காமல், பூட்டைப் பார்த்து வாங்கினால் இரண்டும் நிலைக்கும்.